ஸ்ட்ரிப்பில் தெரியாத புரதம் அமிலத்தில் எப்படித் திரிந்தது?

கேள்வி: ஐயா, டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டிப்ளமோ) முடித்துவிட்டு ஒரு தாலுகா ஊரில் சின்ன லேப்பில் வேலை பார்க்கிறேன். செமி-ஆட்டோ அனலைசர்தான் இருக்கிறது. முதுகுவலி, அசதி என்று 61 வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். டோட்டல் புரோட்டீன் 10.4, ஆல்புமின் 2.9, ஹீமோகுளோபின் 8.9, கிரியாட்டினின் 1.9, கால்சியம் 10.6. சர்க்கரை 98. யூரின் ஸ்ட்ரிப்பில் புரோட்டீன் ‘டிரேஸ்’, சர்க்கரை 1 பிளஸ். அதே யூரினில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டால் 3 பிளஸ் அளவுக்கு வெள்ளையாகத் திரிகிறது. பிறகு வேறு ஊரில் வார்டில் படுத்திருந்தபோது எடுத்த ரத்தத்தில் பெரிய லேப் ஒன்று புரோட்டீன் 9.6, ஆல்புமின் 3.4 என்று கொடுத்திருக்கிறது. “உங்கள் ரிப்போர்ட்டே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை” என்கிறார் டாக்டர். “ஸ்ட்ரிப்பில் இருப்பதையே போட்டு அனுப்பு” என்கிறார் முதலாளி. முந்தின நாள் அவருக்கு அமினோ ஆசிட் டிரிப் ஏற்றினார்களாம். புரோட்டீன் ஏறியது அதனால்தானா? டைல்யூட் செய்து திரும்பப் போட வேண்டுமா? எலக்ட்ரோஃபோரசிஸுக்கு (மின்புலத்தில் புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரிக்கும் சோதனை) எந்த டியூப் அனுப்ப வேண்டும்?

பதில்: முதலில் முதலாளி சொன்னதைச் செய்யாதீர்கள். நீங்கள் தந்த எண்கள் ஒத்துப்போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்த நோயாளியின் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டிய செய்தியே அதுதான். ஸ்ட்ரிப்போடு பொருந்த வேண்டும் என்று சல்ஃபோசாலிசிலிக் முடிவை அடித்துவிட்டால், டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டிய தகவல் லேப்பிலேயே நின்றுவிடும்.

ஸ்ட்ரிப்பின் புரோட்டீன் கட்டத்தில் இருப்பது டெட்ராபுரோமோஃபீனால் புளூ என்ற நிறங்காட்டியும், அதை பி.எச். 3-இல் நிறுத்திவைக்கும் சிட்ரேட் பஃபரும். அமிலத்தன்மை மாறாமலே, புரதம் வந்து ஒட்டியதும் மஞ்சள் பச்சையாகும். அப்படி நன்றாக ஒட்டுவது ஆல்புமின். குளோபுலினும், எதிர்ப்புப் புரதங்களின் சிறு பகுதியான லைட் செயினும் மிகக் குறைவாகத்தான் ஒட்டும். ஆகவே ஸ்ட்ரிப் காட்டுவது பெரும்பாலும் ஆல்புமினைத்தான், அதுவும் டெசிலிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால். சல்ஃபோசாலிசிலிக் அமிலத்துக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. ஆல்புமின், குளோபுலின், லைட் செயின் எதுவானாலும் திரியவைக்கும். ஸ்ட்ரிப்பில் டிரேஸ், அமிலத்தில் 3 பிளஸ் என்றால், யூரினில் ஆல்புமின் அல்லாத புரதம் நிறைய இருக்கிறது என்று பொருள். 61 வயது, முதுகுவலி, ரத்தசோகை, கிரியாட்டினின் ஏற்றம், சீரத்தில் குளோபுலின் 7.5 (டோட்டல் புரோட்டீனில் ஆல்புமின் போக மீதி) எல்லாம் சேர்ந்து வரும்போது, முதலில் சந்தேகிக்க வேண்டியது பென்ஸ் ஜோன்ஸ் புரதம் எனப்படும் லைட் செயினைத்தான். மூலக்கூறு எடை 22 முதல் 25 ஆயிரம் டால்டன்தான் என்பதால் சிறுநீரக வடிகட்டியில் எளிதாக இறங்கிவிடும். ஆல்புமின் அறுபத்தாறாயிரத்துக்கு மேல்.

அமிலச் சோதனையை ஒருமுறை முறையாகத் திரும்பச் செய்துவிடுங்கள். யூரினை சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே தெளிந்ததில் 3 மி.லி. எடுங்கள். 3 சதவீத அமிலத்தை அதே அளவு சேர்த்துக் குலுக்கி, 10 நிமிடம் விட்டு, கறுப்புக் கோடு போட்ட காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கோடு மங்கித் தெரிந்தால் 1 பிளஸ், கோடே தெரியாமல் வெண்மையாக இருந்தால் 3 பிளஸ், கட்டி கட்டியாக அடியில் இறங்கினால் 4 பிளஸ். கலங்கிய யூரினை அப்படியே போட்டால் முடிவு செல்லாது. யூரின் மிகவும் காரத்தன்மையோடு இருந்தால் இந்தச் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். அதே காரத்தன்மை ஸ்ட்ரிப்பில் பொய்யாக பாசிட்டிவ் காட்டும். ஆகவே பி.எச். கட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெரியவர் ஒன்றிரண்டு நாளுக்குள் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தாரா என்று கேளுங்கள். முதுகுவலிக்கு வந்தவர் என்பதால் கட்டாயம் கேட்க வேண்டும். எக்ஸ்ரே கான்ட்ராஸ்ட் மருந்தும், அதிக அளவில் போடும் பெனிசிலினும் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தோடு சேர்ந்து கலங்கலை உண்டாக்கும். கான்ட்ராஸ்டால் வரும் கலங்கல் கொஞ்சம் தாமதமாகத் தோன்றும், மைக்ராஸ்கோப்பில் படிகமாகத் தெரியும், யூரினின் ஒப்படர்த்தியும் அளவுக்கு மீறி இருக்கும். சந்தேகம் இருந்தால் சில நாள் கழித்து வேறு சாம்பிள் வாங்குங்கள்.

வாட்டர் பாத் இருக்கிறதல்லவா, பழைய சூடேற்றும் சோதனையையும் செய்து பார்க்கலாம். 4 மி.லி. தெளிந்த யூரினோடு பி.எச். 4.9 உள்ள அசிடேட் பஃபர் 1 மி.லி. சேர்த்து, 56 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். கலங்கினால் குழாயைக் கொதிநீரில் 3 நிமிடம் வையுங்கள். லைட் செயின் என்றால் கலங்கல் குறையும் அல்லது தெளிந்துவிடும், ஆறும்போது மறுபடி கலங்கும். ஆல்புமின் என்றால் கொதிக்கக் கொதிக்கக் கலங்கல் கூடும். இரண்டும் கலந்திருந்தால் குழப்பம்தான். கொதிக்கும் சூட்டிலேயே வடிகட்டி, வடிந்ததை ஆறவைத்துப் பார்க்க வேண்டும். 1845-இல் லண்டனில் வில்லியம் மெக்கின்டயர், தாமஸ் வாட்சன் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் நோயாளியின் சிறுநீரில் இந்த வினோதத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டு ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பிவைத்தார்கள். பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் இந்தச் சோதனைக்கு நுட்பம் போதாது, குறைந்த அளவை விட்டுவிடும். பாசிட்டிவ் வந்தால் சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான். நெகட்டிவ் வந்தால் லைட் செயின் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

சீரம் பக்கம் வருவோம். டோட்டல் புரோட்டீனுக்கு நீங்கள் பயன்படுத்துவது பையூரெட் முறை. காரக் கரைசலில் உள்ள தாமிர அயனி பெப்டைடு பிணைப்புகளோடு சேர்ந்து ஊதா நிறம் தருகிறது. ஒரே மூலக்கூறில் குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பாவது இருந்தால்தான் நிறம் வரும். தனி அமினோ அமிலத்தில் பெப்டைடு பிணைப்பே கிடையாது. டிரிப்பில் ஏறியது தனித்தனி அமினோ அமிலங்கள். அது எத்தனை பாட்டில் ஏறினாலும் பையூரெட்டுக்குத் தெரியாது. யூரியாவை வேண்டுமானால் ஏற்றிக் காட்டலாம். ஆகவே 10.4-க்கு டிரிப் காரணமில்லை. டிரிப் ஓடிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுத்தால் நீர்த்துப்போய்ப் புரோட்டீன் குறைந்துதான் வரும்.

டைல்யூட் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு உங்கள் கிட் தாளில் பதில் இருக்கிறது. ‘லீனியாரிட்டி’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். கிட்டுக்குக் கிட் அது வேறுபடும். உங்கள் தாளில் 10 என்று இருந்தால், 10.4 என்பதை நம்பக் கூடாது. உண்மை மதிப்பு அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். 100 மைக்ரோலிட்டர் சீரம், 100 மைக்ரோலிட்டர் நார்மல் சலைன் கலந்து போட்டு, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். 10.2-க்கும் 10.6-க்கும் நடுவில் வந்தால் முதல் முடிவு சரி. 11.5 என்று வந்தால் முதல் முறை நிறம் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். லீனியாரிட்டி 12 அல்லது 15 என்று இருந்தாலும் இந்தச் சீரத்தை டைல்யூட் செய்தே ஒருமுறை பாருங்கள் என்பேன். காரணம், அது கொழகொழப்பாக இருக்கும்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பிப்பெட் 20 மைக்ரோலிட்டர் எடுக்கிறது. இப்படிப்பட்ட சீரம் நுனியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு முழுதாக இறங்காது. வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு கூடுதலாகப் போகும். வெளியே 1 மைக்ரோலிட்டர் ஒட்டிப் போனாலே 5 சதவீதம் பிழை, 10.4-இல் அது அரை கிராம். நுனியைச் சீரத்தில் ஒருமுறை நனைத்து வெளியேற்றிவிட்டு, பிறகு மெதுவாக உறிஞ்சுங்கள். வெளிப்புறத்தை டிஷ்யூ காகிதத்தால், துளையைத் தொடாமல் துடையுங்கள். ரீஏஜென்டுக்குள் நுனியை வைத்து மெதுவாக இறக்குங்கள். பெரும்பாலான கிட்டுகளில் 1 மி.லி. ரீஏஜென்ட், 20 மைக்ரோலிட்டர் சாம்பிள், 37 டிகிரியில் 10 நிமிடம், 546 நானோமீட்டர். உங்கள் தாளில் வேறு இருந்தால் தாளில் உள்ளபடி செய்யுங்கள். சீரம் பால்போல இருந்தாலோ ரத்தச்சிவப்பு கலந்திருந்தாலோ சாம்பிள் பிளாங்க் போட்டுக் கழிக்க வேண்டும். கண்ட்ரோல் சீரம் எல்லைக்குள் வந்ததா என்று எழுதவில்லை. அது வராவிட்டால் மேலே சொன்ன எதற்கும் அர்த்தமில்லை.

பெரிய லேப் 9.6 என்றதற்குப் பிப்பெட்டைக்கூடக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்களிடம் நடந்து வந்து உட்கார்ந்தவர், அங்கே படுத்தே இருந்திருக்கிறார். படுத்திருப்பவர் எழுந்து நடமாடினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியேறி, புரதம் சுமார் 10 சதவீதம் வரை செறிவாகும். கையில் கட்டிய டூர்னிக்கேயை மூன்று நிமிடம் அப்படியே விட்டுவிட்டு நரம்பு தேடினாலும் இதேபோல ஏறும். 10.4-க்கும் 9.6-க்கும் இடையே 8 சதவீதம்தான் வித்தியாசம். வார்டில் சலைன் ஏறியிருந்தால் அதுவும் சேரும். உங்கள் மேல் தவறு, அவர்கள் மேல் தவறு என்று அடித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

ஆல்புமினில் 2.9-க்கும் 3.4-க்கும் உள்ள அரை கிராம் வேறு கதை. நீர்த்துப்போயிருந்தால் இதுவும் குறைய வேண்டும், ஆனால் கூடியிருக்கிறது. இது முறையால் வரும் வித்தியாசம். புரோமோகிரெசால் கிரீன் சாயம் பி.எச். 4.2-இல் ஆல்புமினோடு உடனே ஒட்டும். ஆல்பா, பீட்டா குளோபுலின்களோடும் ஒட்டும், ஆனால் மெதுவாக. ஆல்புமின் குறைந்த நோயாளிகளில் இந்த முறை அரை கிராம் வரைகூடக் கூடுதலாகக் காட்டுவது தெரிந்த விஷயம். பத்து நோயாளிகளின் குழாய்களை ஒன்றாகப் போட்டுவிட்டு, கடைசிக் குழாயை அரைமணி நேரம் கழித்துப் படித்தால் இன்னும் ஏறும். ஸ்டாண்டர்டையும் டெஸ்டையும் சாயம் சேர்த்ததிலிருந்து ஒரே நிமிடக் கணக்கில் படியுங்கள். புரோமோகிரெசால் பர்ப்பிள் சாயம் ஆல்புமினை மட்டும் தேர்ந்து பிடிப்பதில் மேல். ஆனால் சிறுநீரகம் பழுதான நோயாளிகளில் குறைத்துக் காட்டும். எந்தச் சாயம் என்பதை இரு லேப்பும் ரிப்போர்ட்டில் போட்டிருந்தால் டாக்டருக்கு இந்தக் கோபமே வந்திருக்காது.

உங்கள் கணக்கில் குளோபுலின் 7.5, அவர்கள் கணக்கில் 6.2. வழக்கமாக இருப்பது 2-இலிருந்து 3.5 வரை. இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றையே சொல்கின்றன. இதை டாக்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கால்சியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 10.6 பார்க்க லேசான ஏற்றம்போல இருக்கிறது. ஆல்புமின் 2.9 என்பதால் 4-இலிருந்து அதைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டினால் 11.5 வருகிறது. அயனி கால்சியம் பார்க்க வசதியிருந்தால் இந்தக் கணக்கைவிட அதுவே மேல், ஏனென்றால் சில பாராபுரோட்டீன்களும் (ஒரே வகைச் செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியமும் கிரியாட்டினினும் சேர்ந்து ஏறியிருப்பதால், ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, அன்றே போன் செய்ய வேண்டும்.

ரத்த ஸ்லைடை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விளிம்புப் பகுதியில் அல்ல, செல்கள் தனித்தனியாக விரிந்திருக்க வேண்டிய மெல்லிய பகுதியில், சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கிவைத்ததுபோல நின்றால் ‘ரூலோ’ என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். இவரைப் போன்றவர்களுக்கு ரத்த வகை பார்க்கும்போது எல்லா வட்டத்திலும் ஒட்டியதுபோலத் தெரியும். சலைன் விட்டால் பிரிந்துவிடும். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்பதால் பிளட் பேங்குக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பெரிய அனலைசரில் சோடியம் உங்களுடையதைவிடக் குறைவாக வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அவற்றில் பல சீரத்தை நீர்த்துவிட்டு அளப்பவை. புரதம் இடத்தை அடைத்துக்கொண்டால் அந்த அளவில் சோடியம் போலியாகக் குறையும்.

இப்போது ஸ்ட்ரிப்பின் சர்க்கரைக் கட்டம். ரத்தத்தில் 98 இருக்கும்போது யூரினில் 1 பிளஸ் ஏன்? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். அந்த மாத்திரைகள் சர்க்கரையை யூரினில் தள்ளத்தான் கொடுக்கப்படுகின்றன. அப்படி எதுவும் இல்லை என்றால் விஷயம் பெரிது. லைட் செயின்கள் சிறுநீரகத்தின் முதல் நுண்குழாய்ப் பகுதியைச் சேதப்படுத்தி, அது திரும்ப உறிஞ்ச வேண்டிய சர்க்கரை, பாஸ்பேட், அமினோ அமிலங்கள் எல்லாம் யூரினில் கொட்டும் நிலை உண்டு. ஃபான்கோனி நோய்க்குறி என்பார்கள். டிரிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, இந்த நோயாளிக்கு அமினோ அமிலம் முக்கியமாவது இந்த இடத்தில்தான். சீரம் பாஸ்பரஸ் பாருங்கள். ஃபான்கோனி என்றால் அது குறைவாக இருக்கும். ஆனால் அந்தச் சோதனையின் அமில ரீஏஜென்டில் பாராபுரோட்டீன் திரிந்து, கலங்கலால் பொய்யாக ஏறிக் காட்டுவதும் உண்டு. குழாய் தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் எண்ணை எழுதாதீர்கள்.

யூரின் அமினோ அமிலம் உங்கள் லேப்பில் செய்யக்கூடியதல்ல. டாக்டர் கேட்டால் காலை யூரின் 10 மி.லி. எதுவும் சேர்க்காமல் உடனே மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து அனுப்புங்கள். அறை வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா அமினோ அமிலங்களைத் தின்றும் புதிதாக உண்டாக்கியும் முடிவைக் கெடுத்துவிடும். டிரிப் ஏறிய மறுநாள் யூரினை இதற்கு எடுக்காதீர்கள். நிறைய ஏற்றினால் கொஞ்சம் யூரினில் வழிவது இயல்பு, அது நோய் போலத் தெரியும். டிரிப் நிறுத்தி ஓரிரண்டு நாள் போகட்டும். எங்கே அனுப்பினாலும் முடிவைக் கிரியாட்டினின் விகிதத்தில் கேளுங்கள்.

எலக்ட்ரோஃபோரசிஸுக்குச் சீரம் மட்டும்தான். சிவப்பு மூடி டியூப் அல்லது ஜெல் டியூப். இ.டி.டி.ஏ., ஹெப்பாரின் பிளாஸ்மா வேண்டாம். பிளாஸ்மாவில் இருக்கும் ஃபைப்ரினோஜன், பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவில் தனிக்கோடாக நின்று, எம் பேண்ட் (பாராபுரோட்டீனின் கூர்மையான கோடு) என்று நினைக்கவைக்கும். டயாலிசிஸ் முடித்து ஹெப்பாரினோடு வருபவர்களின் ரத்தம் முழுதாக உறையாமலே சீரம் பிரித்தாலும் இதே கோளாறுதான். முழுதாக உறைய அரைமணியிலிருந்து ஒரு மணி விட்டுப் பிறகு சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். ஹீமோலைஸ் ஆன சாம்பிளும் ஆல்பா-2-க்கும் பீட்டாவுக்கும் நடுவே போலிக் கோடு போடும். குறைந்தது 1 மி.லி. தெளிந்த சீரத்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து அனுப்புங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சீரம் கட்டிபோல உறைந்தால் கிரையோகுளோபுலினாக இருக்கலாம். 37 டிகிரியில் வைத்தால் கரைகிறதா என்று பார்த்துப் படிவத்தில் எழுதுங்கள். கூடவே அந்தச் சோதனைக்கெனத் தனியாக, எடுத்தது முதல் பிரிக்கும்வரை 37 டிகிரியிலேயே வைத்த ரத்தம் எடுக்க வேண்டிவரும்.

எலக்ட்ரோஃபோரசிஸ் ஒன்றை மட்டும் கேட்டால் போதாது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சீரம், யூரின் இரண்டிலும் இம்யூனோஃபிக்ஸேஷன் (அந்தக் கோடு எந்த வகைப் புரதம் என்று காட்டும் சோதனை), கூடவே சீரம் ஃப்ரீ லைட் செயின். லைட் செயினை மட்டும் சுரக்கும் மைலோமாவில் (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்) சீரம் எலக்ட்ரோஃபோரசிஸ் சாதாரணமாகத் தெரியக்கூடும். லைட் செயினின் இரு வகைகளான கப்பா-லாம்டா விகிதத்தின் வழக்கமான எல்லை 0.26 முதல் 1.65. இவருக்குக் கிரியாட்டினின் 1.9 என்பதால் சிறுநீரகப் பழுதுக்கான 0.37 முதல் 3.1 என்ற எல்லையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். யூரினுக்கு 24 மணி நேரச் சேகரிப்பு. முதல் நாள் காலை முதல் யூரினைக் கழித்துக் கொட்டிவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் யூரின் உட்பட எல்லாம் ஒரே கேனில். அமிலம் போட்ட கேனைக் கொடுத்துவிடாதீர்கள், புரதம் கேனிலேயே திரிந்துவிடும். யூரின் புரோட்டீனை அளக்கும் பைரோகலால் ரெட் முறை லைட் செயினைக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். புரோட்டீன்-கிரியாட்டினின் விகிதமும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் ஒரே சாம்பிளில் போட்டு, முதலாவது பலமடங்கு அதிகமாக இருந்தால், ஸ்ட்ரிப்பும் அமிலமும் சொன்னது எண்ணாகவே கையில் வந்துவிடும்.

நோயாளியிடம் மைலோமா என்றோ புற்றுநோய் என்றோ சொல்லாதீர்கள். அந்த முடிவு உங்களுடையதல்ல, தவறாகவும் இருக்கலாம். காசநோய், கல்லீரல் சுருக்கம், எச்.ஐ.வி., லூபஸ் ஆகியவற்றிலும் குளோபுலின் ஏறும். அவற்றில் காமாப் பகுதி அகலமான மேடாக வரும், கூர்மையான ஒற்றை முனையாக வராது. ரிப்போர்ட்டின் அடியில் இப்படி எழுதலாம்: “சீரம் குளோபுலின் அதிகம், டைல்யூட் செய்து உறுதிசெய்யப்பட்டது. சிறுநீரில் ஸ்ட்ரிப் டிரேஸ், சல்ஃபோசாலிசிலிக் 3 பிளஸ்; ஆல்புமின் அல்லாத புரதம் இருக்கக்கூடும். எலக்ட்ரோஃபோரசிஸ், இம்யூனோஃபிக்ஸேஷன் பரிந்துரைக்கப்படுகிறது.”

கடைசியாக ஒன்று. எம் பேண்டின் அளவை யாரும் நேராக எடைபோடுவதில்லை. மொத்தப் பரப்பில் அந்தக் கோடு எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதை டோட்டல் புரோட்டீனால் பெருக்குகிறார்கள். கோடு 48 சதவீதம் என்றால், 10.4 வைத்துப் பெருக்கினால் 5.0 கிராம், 9.6 வைத்துப் பெருக்கினால் 4.6 கிராம். சிகிச்சை தொடங்கிய பிறகு லேப் மாற்றி மாற்றிப் பார்த்தால், மருந்து கேட்டதா, நோயாளி படுத்திருந்தாரா என்றே தெரியாமல் போகும். பெரியவரின் வீட்டாரிடம் ஒரே லேப்பில், அதே முறையில், உட்கார்ந்த நிலையில் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் லேப்பாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.